மலையடிவாரத்தில் கோடை மழை வாரம்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



சித்திரை மாதத்தின் பிற்பாதியிலும் வைகாசியின் முற்பாதியிலும், செஞ்சி மலைகளுக்கும் சவ்வாது மலைக்கும் இடைப்பட்ட பூமியில் வானம் ஒரு நிலையில் நிற்பதில்லை. காலையில் கண்ணைக் கூசச் செய்யும் வெயில். பிற்பகலில் மேற்கே கறுத்த மேகம். அந்தியில் புழுதிக் காற்று, இடி, மின்னல். சில சமயம் ஒரு நாழிகை மழை, சில சமயம் வெறும் ஆரவாரம். இவ்விதமான குழப்பம் ஐந்தாறு நாள், சில ஆண்டுகளில் ஒரு வாரம் முழுவதும் நீடிக்கும். அந்த வாரத்தில் சீயமங்கலம், தேசூர் முதலிய ஊர்களின் குடியானவர் எடுக்கும் முடிவு ஒன்றே அவ்வாண்டின் மணிலாச் சாகுபடி லாபமா நஷ்டமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்து விடுகிறது. பெய்த மழையை நம்பி விதைப்பதா, உழுது விட்டுப் பொறுத்திருப்பதா என்பதே அந்த முடிவு. அதனைப் பற்றியே இங்குச் சொல்லப்படுகிறது.

சீயமங்கலத்தின் நில அமைப்பை அங்கத்தினர் எல்லோரும் அறிவர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் அமைந்த அப்பாறைக் குன்றும், தெற்கே செஞ்சிக் கோட்டையைத் தாங்கி நிற்கும் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மண் போர்வை அற்றுப் பெரும் பெரும் உருண்டைக் கற்கள் அடுக்கினாற்போல் கிடக்கும் குன்றுகள் அவை. பகல் முழுவதும் வெயிலை வாங்கிச் சூடேறும் அப்பாறைகள் இரவு நெடுநேரம் வரையில் அனல் வீசிக்கொண்டிருக்கும். மழை பெய்தால் ஒரு துளியையும் தம்மிடம் நிறுத்திக் கொள்ளாமல் அப்படியே அடிவாரத்துக்கு உருட்டி விடும். குன்றின் காலடியில் இருக்கும் கொல்லைகள் சரளை கலந்த செம்மண். நீர் விரைவில் இறங்கும், விரைவில் வற்றவும் செய்யும். இவ்விரண்டு குணங்களையும் மறந்தவர்க்குக் கோடை மழையின் கணக்கு பிடிபடாது.

இனி, இந்த வானக் குழப்பத்திற்குக் காரணம் யாதென்று பார்ப்போர்க்கு அது எளிதில் விளங்கும். மே மாதம் 4ஆம் தேதியளவில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி 28ஆம் தேதியளவில் முடிகிறது. அதற்கு முன்பே உள்நாட்டுப் பூமி நன்றாகக் காய்ந்து, அதன் மேலுள்ள காற்று சூடேறி இலேசாகி மேலே எழும்பத் தொடங்கி விடுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கிழக்கே வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. கடற்கரையிலிருந்து 60, 70 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் இவ்வூர்களுக்குக் கடற்காற்று வந்து சேரப் பெரும்பாலும் மாலையாகி விடும். மேற்கிலிருந்தோ வறண்ட காற்று வீசுகிறது. மராட்டிய நாட்டின் உட்பகுதியிலிருந்து தமிழ்நாடு வரையில் வடக்கு தெற்காக இவ்விரு காற்றுகளும் சந்திக்கும் கோடு ஒன்று இக்காலத்தில் உண்டாகிறது. அக்கோடு ஒரு நாள் கிழக்கே நகரும், மறுநாள் மேற்கே ஒதுங்கும். அது எங்கே நிற்கிறதோ அதனை ஒட்டியே அன்றைய இடிமழை அமையும்.

மலைகள் இதற்குத் துணை செய்கின்றன. சவ்வாது மலையும் கல்வராயன் மலையும் சரிவு ஏறி வரும் ஈரக்காற்றை உயரத் தூக்குகின்றன. மேகம் உண்டாகும் வரையில், காற்று நூறு மீட்டர் ஏறுந்தோறும் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிர்கிறது. ஓரளவு குளிர்ந்ததும் அதிலுள்ள நீராவி துளிகளாகி மேகமாகிறது. நடுப்பகலில் பஞ்சுப் பொதிபோல் தோன்றிய மேகம் மூன்று மணிக்குள் கோபுரம்போல் வளர்ந்து, உச்சியில் தட்டையாக விரிந்து நிற்குமாயின், அதனுள் பனிக்கட்டி உண்டாகி விட்டது என்று பொருள். ஆலங்கட்டி விழுவதற்கும் மின்னல் பிறப்பதற்கும் அப்பனிக்கட்டியே காரணம். உயரத்தில் வீசும் மேல்காற்று அந்த மேகத்தைக் கிழக்கே தள்ளும்போது, சவ்வாது மலையில் பிறந்த இடி திருவண்ணாமலையைத் தாண்டிச் செஞ்சிப் பக்கமும், சில நாட்களில் திண்டிவனம் வரையிலும் வந்து ஓய்கிறது. மழைக்குமுன் திடீரென்று வீசும் குளிர்ந்த காற்று, அம்மேகத்திலிருந்து மழையோடு கீழே விழும் காற்றே. அது தரையில் மோதி நாற்புறமும் பரவுகிறது. ஓலைக் கூரையைத் தூக்குவதும் வாழையைச் சாய்ப்பதும் மாம்பிஞ்சை உதிர்ப்பதும் அதுவே. ஒவ்வொரு மேகமும் சில கிலோமீட்டர் அகலமே உள்ளதாகையால், ஓர் ஊர் நனைந்து அடுத்த ஊர் காய்ந்து கிடப்பதில் வியப்பில்லை. இது வருணபகவானின் பாரபட்சமன்று.

வாரத்தின் போக்கும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். முதல் இரண்டு நாட்கள் காற்றே அசையாத புழுக்கம், வியர்வை உலராது. மூன்றாம் நாள் மாலை மேற்கே மின்னல் தெரியும், ஓசை கேட்காது. நான்காம் நாள் புழுதிக் காற்றும் பத்துத் துளியும். ஐந்தாம் நாள் நல்ல மழை. ஆறாம் நாள் காலையில் மண்வாசனையும் தவளைச் சப்தமும். அன்றைய தினம்தான் குடியானவர் மனம் தடுமாறுகிறது. ஏழாம் நாள் மறுபடி ஒரு மழை வரலாம், வராமலும் போகலாம்.

பெய்த மழை எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். கிராமங்களில் ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று சொல்லும் வழக்கம் மிகவும் சரியான வழக்கமே. ஒரு செண்டிமீட்டர் மழை என்பது ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். இரண்டு செண்டிமீட்டர் பெய்தால் 80,000 லிட்டர். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆயினும் காய்ந்து இறுகிய செம்மண் கொல்லையில், சரிவில் ஓடினது போக எஞ்சிய நீர் ஒரு சாணுக்கு உட்பட்ட ஆழத்தையே நனைக்கும். மே மாதத்து வெயிலும் காற்றும் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையில் உறிஞ்சி விடக் கூடியவை. ஆகவே மேல்மண்ணின் ஈரம் நான்கைந்து நாட்களில் போய்விடும். மணிலா விதை முளைத்து மேலே வரவே ஐந்து முதல் ஏழு நாள் வேண்டும்!

இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே யோசிக்கலாம். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு விதையாக வேண்டியிருக்கிறது. அங்கத்தினரிற் பலர் அதனைக் கடன் பட்டே வாங்குகின்றனர். விதை முளைத்துக் கருகினால் கடன் கருகுவதில்லை. ஆடியில் மறுபடியும் விதை வாங்க இரண்டாம் கடன் வேண்டியதாகிறது. ஒருவேளை அடுத்தடுத்து மழை பெய்து பயிர் தப்பியதென்றே வைத்துக் கொண்டாலும், மே நடுவில் விதைத்த மணிலா ஜூன் நடுவில் பூத்து, அம்மாதக் கடைசியில் விழுது இறக்கும். இப்பக்கத்தில் ஜூன் மாத மழை சொற்பம். விழுது இறங்கும் தருணத்தில் மண் இறுகிக் கிடந்தால் காய் பிடிக்காது. ஆனி முடிவிலும் ஆடியிலும் விதைத்ததற்கோ, மழை கூடிவரும் ஆகஸ்டுக் கடைசியிலும் செப்டம்பரிலும் விழுது இறங்குகிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940ஆம் ஆண்டில் வந்த டி.எம்.வி. 2 ரகமும், 1967ஆம் ஆண்டில் வந்த டி.எம்.வி. 7 ரகமும், ஏறக்குறைய நூற்றைந்து நாளில் முற்றும் குத்துச்செடி ரகங்கள். ஆடிப்பட்டத்து மழைக்கு இத்தகைய ரகங்கள் இசைந்தவை. நல்ல ரகத்தைக் கைக்கொண்டு தவறான வாரத்தில் விதைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கிணறு உள்ளவர் விஷயம் வேறு. மழைக்குப்பின் ஒரு மாதம் தண்ணீர் பாய்ச்ச வல்லவர் தம் விருப்பம்போல் செய்யலாம். மானாவாரிக் கொல்லைக்காரர் அவரைப் பார்த்து விதைக்கலாகாது. பக்கத்துக் கொல்லையில் விதைக்கிறார்களே என்ற ஒரே காரணத்தால் விதைப்பவர் தொகை ஒவ்வோர் ஆண்டும் குறைவாயில்லை.

விதைக்க வேண்டாம் என்றால் சும்மா இருக்க வேண்டும் என்பது பொருளன்று. அந்த மழை உழவுக்கு வந்த மழை. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியோர் சொல்லி வந்ததற்கு நியாயம் உண்டு. மழை பெய்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, மண்ணைக் கையில் பிடித்து உருட்டினால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் பதத்தில், சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். சேறாக இருக்கும்போது உழுதால் கட்டி விழும். காயவிட்டால் கொழு இறங்காது. குறுக்கே உழுத சால் ஒவ்வொன்றும் ஒரு சிறு வரப்பாக நின்று அடுத்த மழையின் நீரைப் பிடித்துக்கொள்ளும். கோரையும் அறுகும் வேரோடு மேலே வந்து வெயிலில் சாகும். இவை எல்லோர்க்கும் தெரிந்தவை. இவற்றினும் பெரிதான காரணம் ஒன்று உண்டு. அது கம்பளிப்புழு.

மணிலாவைத் தின்னும் சிவப்புக் கம்பளிப்புழுவின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். இது ஆண்டுக்கு ஒரு தலைமுறையே வளர்கிறது. சென்ற ஆண்டுப் பயிரைத் தின்று கொழுத்த புழு மண்ணுக்குள் சென்று, ஒரு சாண் அளவு ஆழத்தில், முக்கியமாக வரப்போரங்களிலும் மரநிழலிலும், கூட்டுப்புழுவாகிப் பத்து மாதம் போல் தூங்குகிறது. மண்ணில் நல்ல ஈரம் இறங்கினால் அதுவே அதற்கு விழித்தெழும் சமிக்ஞை. பெருமழை பெய்த ஓரிரு நாட்களில் அந்துப்பூச்சிகள் இருட்டியபின் கூட்டங் கூட்டமாக வெளிவருகின்றன. வெண்மையான முன்னிறக்கையில் பழுப்புக் கோடுகளும் முன் விளிம்பில் மஞ்சள் பட்டையும் இருக்கும். ஒவ்வொரு பெண்பூச்சியும் பல நூறு முட்டைகளை இலையின் அடியில் குவியலாக இடும். வெளிவந்த புழு ஒரு கொல்லையை மொட்டையாக்கிய பின் படைபோல் திரண்டு அடுத்த கொல்லைக்கு நடந்தே செல்லும். வரப்பும் வாய்க்காலும் அதற்குத் தடையல்ல. பட்டா எண்ணும் அதற்குத் தெரியாது.

கோடை உழவினால் கூட்டுப்புழுக்கள் மேலே புரட்டப்பட்டு வெயிலில் காய்கின்றன. காக்கையும் மைனாவும் கொக்கும் கொழுவின் பின்னாலேயே வந்து பொறுக்கித் தின்கின்றன. செலவின்றிக் கிடைக்கும் மருந்து இது. ஆனால் ஒருவர் உழுது அடுத்தவர் உழாமல் விட்டால், உழுதவரின் பாடு பாதி வீணாகும். இவ்விடத்தில்தான் கூட்டுறவு என்ற சொல்லுக்கு நிஜமான வேலை வருகிறது. கடன் கொடுத்து வாங்குவது மட்டும் சங்கத்தின் தொழில் என்று நினைக்கும் அங்கத்தினர், ஒரு மலையடிவாரம் முழுவதையும் ஒரே வாரத்தில் உழுது முடிப்பதற்குச் சங்கத்தைக் காட்டிலும் தக்க சாதனம் வேறு என்ன இருக்கிறது என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

அதற்கு உள்ள பெரிய இடையூறும் எல்லோரும் அறிந்ததே. பதம் இரண்டு நாள்தான் நிற்கும். அவ்விரண்டு நாட்களில் ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் டிராக்டர் வேண்டும். வண்டிகளோ இரண்டு மூன்று. உழவு மாடு வைத்திருப்போர் குறைந்து விட்டனர். யாருக்கு முதலில் என்ற வழக்கு எழும்போது, செல்வாக்குள்ளவர் கொல்லைக்கு முதலிலும் ஓர் ஏக்கர்க்காரர் கொல்லைக்குக் கடைசியிலும் வண்டி போவதும், போகும்போது பதம் தப்பிப் போயிருப்பதும் வழக்கமாக நடப்பவை. இதற்குப் பரிகாரம் மழைக்குப் பின் தேடுவதில் பயனில்லை. சித்திரை பிறந்தவுடனேயே அங்கத்தினர் கூடி வரிசை எழுதிக் கொள்ள வேண்டும். அந்தஸ்தை வைத்து எழுதாமல் மண்ணை வைத்து எழுதினால் சண்டைக்கு இடம் குறையும். மேட்டுச் சரளைக் கொல்லைகள் முதலில் காய்வதால் அவை முதலில். தாழ்வான கனத்த மண் ஒரு நாள் பொறுக்குமாதலால் அவை பின்னால். ஒரே திசையில் அடுத்தடுத்த கொல்லைகளைச் சேர்த்து உழுதால் வண்டி திரும்பும் நேரமும் டீசலும் மிச்சமாகும்.

மழை பெய்த இராத்திரிகளில் அந்துப்பூச்சி வருகிறதா என்று பார்ப்பதற்கு விளக்குப் பொறி வைக்கலாம். தரையில் மண்ணெண்ணெய் சிறிது கலந்த நீர்த்தட்டு ஒன்றும் அதன்மேல் ஒரு விளக்கும் போதும். முன்னிரவில் ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரையில் வைத்தாற் போதுமானது. பூச்சி மிகுதியாக விழும் இராத்திரியில் ஊரார் எல்லோரும் அவரவர் கொல்லையோரத்தில் ஒரே சமயம் விளக்கோ, சருகுத் தீயோ வைக்க வேண்டும். மறுநாள் முதல் முட்டைக் குவியல்களைப் பொறுக்கி அழிப்பது பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை.

உழுத பின்னர் மிஞ்சும் ஈரத்தை வீணாக்க மனமில்லாதவர், விலை குறைந்த விதையைப் போட்டுப் பார்க்கலாம். சணப்பும் கொளிஞ்சியும் வந்தால் பசுந்தாள்; வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை. மாட்டுக்குத் தீவனச் சோளம் விதைப்போர் மட்டும் ஒன்றை மறக்கலாகாது. சிறு மழையில் முளைத்துப் பின்பு வெயிலில் வாடிய சோளத்தின் இளந்தாளில் கொடிய விஷம் சேர்கிறது. அதை மேய்ந்த மாடு சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி விழும். அறுத்த பழைய கொல்லையில் கோடை மழைக்குத் துளிர்த்த மறுதாம்புச் சோளமும் அத்தன்மையதே. பூக்கும் வரையில் அதில் மாட்டை விடாதிருப்பதே நலம்.

இவ்வாரத்தில் மழையினால் கெடும் பொருள்களும் உண்டு. நவரை நெல் அறுத்துக் களத்தில் கிடக்கும் காலம் இது; கிணற்றுப் பாய்ச்சலில் விளைந்த மணிலாவும் எள்ளும் காய்ந்து கொண்டிருக்கும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள நெல்லை எடுப்பதில்லை. ஒரு மாலை மழையில் நனைந்த குவியல் மறுபடி அந்த அளவுக்கு உலரச் சில நாளாகும். அதற்குள் முளையும் விடும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை கொண்டு செல்வோர், அங்கே கூரையின்கீழ் இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக் கொண்டு புறப்படுவதும், தார்ப்பாயைக் கையோடு கொண்டு போவதும் வீண் சிரமமாகா. களத்திலோ, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் மேற்கே பார்க்காமல் நெல்லைப் பரப்பி வைப்பவர் சூதாடுகிறவரே. நனைந்த மணிலாவில் பூசணம் பிடித்தால் அது மனிதர்க்கும் மாட்டுக்கும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு; எண்ணெய் செக்குக்கும் அதனை அனுப்பலாகாது. பயிர்க் காப்பீடு செய்திருப்போர், ஆலங்கட்டியாலோ வெள்ளத்தாலோ நஷ்டம் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்னும் விதியை நினைவில் வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இவ்விதி இருக்கிறது. நான்காம் நாள் போய் நின்று வருந்துவோர் பலர்.

பயிரினும் மேலானது உயிர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர் 2,887 பேர். வெட்டவெளியில் வேலை செய்யும் குடியானவர்க்கும் கூலியாட்களுக்கும் ஆடு மாடு மேய்ப்போர்க்கும் இந்த அபாயம் மிகுதி. மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரையில் எண்ணினால், மூன்று எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மழை வரக் காத்திராமல் கல்வீட்டுக்குள் போய்விட வேண்டும்; கடைசி இடி கேட்டு அரைமணி கழிந்த பின்பே வெளியே வர வேண்டும். தனித்து நிற்கும் புளியமரமும் பனைமரமும் மழைக்கு நிழலாகத் தோன்றினாலும் மின்னலுக்கு வழியாகும். மரத்தில் இறங்கிய மின்சாரம் தரையில் பரவுவதால், முன்னங்காலும் பின்னங்காலும் தள்ளி வைத்து நிற்கும் மாடுகள் மனிதரினும் எளிதில் மாளுகின்றன. மாடுகளை மரத்தடியிலும் கம்பி வேலியிலும் கட்டி வைக்கலாகாது. குன்றின் உச்சியிலும் பாறை விளிம்பிலும் நிற்பதும் ஆகாது. புனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சிக் கழகத்தார் உண்டாக்கிய ‘தாமினி’ என்னும் கைபேசிச் செயலி, அருகில் மின்னல் விழுவதையும் விழக்கூடியதையும் காட்டுகிறது. ஒரு தெருவில் ஒருவர் கையில் அது இருந்து, அவர் கூவிச் சொன்னாலும் போதும்.

மே மாதத்து மழை எல்லாம் இடிமழை என்றும் நினைத்து விடலாகாது. 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் கடலூரில் ஒரே நாளில் ஏறக்குறைய 57 செண்டிமீட்டர் மழை பெய்திருக்கிறது. கடலில் புயற்சின்னம் உண்டானால் அதன் அடையாளங்கள் வேறு. மாலையில் வந்து இரவில் போகும் மேகமாக இராமல் பகலும் இரவும் வானம் மூடியே இருக்கும். வெயில் குறைந்து குளிர்காற்று விடாமல் வீசும். இடி குறைவாகவும் மழை ஓயாமலும் இருக்கும். அப்பொழுது உழவைப் பற்றிய பேச்சே இல்லை. ஏரிக்கரையையும் கலங்கலையும் பார்த்து வருவதே முதற்கடமை. பாறைக்குன்றுகளின் நீர் எல்லாம் ஒரே சமயத்தில் இறங்குவதால், செஞ்சி மலைப்பக்கம் தோன்றும் சங்கராபரணி போன்ற ஆறுகள் சில மணி நேரத்திற்குள் பெருகி விடும். சென்னை வானிலை நிலையத்தார் தரும் மூன்று மணி நேர எச்சரிக்கைகளை அந்நாட்களில் இடைவிடாமல் கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஏரியின் வரத்துக் கால்வாய்களைச் சித்திரைக்குள் தூர் எடுத்து வைத்திருந்தால், இந்த வாரத்து மழையில் ஒரு பங்காவது ஏரிக்குள் சேரும். ஏரி வண்டலைக் கொல்லைக்கு அடிக்க நினைப்போர் தாலுகா அலுவலக அனுமதியை முன்னரே பெற்று, முதல் மழைக்குமுன் அடித்து விட வேண்டும். நனைந்த ஏரியில் வண்டி இறங்காது. பல்லவர் காலத்தில் மாமண்டூரில் கட்டிய ஏரிக்குச் சித்திரமேக தடாகம் என்று பெயர். அங்கே சித்திரம் என்பது மாதத்தைக் குறிப்பதன்று என்றாலும், மேகத்தின் பெயரை ஏரிக்குச் சூட்டினவர்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மறவாதவர்கள்.

கடைசியாக மழைமானி. சங்கத்துக்கு ஒன்று வாங்குவது பெருஞ்செலவன்று. வாங்கும் வரையில், அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள தகரக் குவளை ஒன்றைக் கட்டடத்துக்கும் மரத்துக்கும் எட்டவுள்ள வெளியில் நிமிர்த்தி நட்டு, காலை எட்டரை மணிக்கு அதில் நிற்கும் நீரை அளவுகோலால் அளந்தால் போதும். தாலுகா தலைநகரில் பெய்த மழையின் கணக்கு சீயமங்கலத்துக் கொல்லைக்கு உதவாது. இரண்டு மைலுக்குள்ளேயே மழை மாறிப் போகிற காலம் இது. சங்கப் பேரேட்டின் பின்பக்கத்தில் தேதி, மழையின் அளவு, அன்று உழுதவர் தொகை, விதைத்தவர் தொகை, விளக்கில் விழுந்த அந்துப்பூச்சி இவற்றை எழுதி வர வேண்டும். வைகாசியில் விதைத்தவரும் ஆடியில் விதைத்தவரும் மணிலா பிடுங்கிய பின்னர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எதிரே எழுதி, அடுத்த சித்திரையில் விதைக்கடன் மனுக்கள் வரும்போது அப்பக்கத்தைத் திறந்து வைத்துக் கொண்டு பேசலாம்.